சர்வர் விழுந்தால் எதை முதலில் எழுப்புவது?

திருப்பூரில் சில பனியன் கம்பெனிகளுக்கு சர்வர், நெட்வொர்க் பார்த்துக்கொள்வது என் வேலை. புதிதாக ஒரு கம்பெனிக்குப் போனால் "பேக்கப் எடுக்கிறீர்களா?" என்று கேட்பதில்லை. எடுக்கிறோம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், பெரும்பாலும் அது உண்மையும்கூட. "இன்று மதியம் இந்த சர்வர் போய்விட்டால் நாளைக் காலை தையல் லைன் எப்படி ஓடும்?" என்று கேட்பேன். அங்கேதான் பேச்சு நிற்கும். பேக்கப் திட்டத்தை அந்தக் கேள்வியில் தொடங்கிப் பின்னோக்கி எழுத வேண்டும். எதை, எந்த வரிசையில், எவ்வளவு நேரத்துக்குள் மீட்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எந்த மென்பொருள், எத்தனை மணிக்கு ஒரு தடவை, எங்கே வைப்பது என்பதெல்லாம் அதிலிருந்து வந்துவிடும்.

ஒரு நடுத்தர ஏற்றுமதி கம்பெனியை வைத்தே சொல்கிறேன். நான் பார்க்கும் இடங்கள் பலவும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றன. டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடும் ஒரு டவர் சர்வர். நேரடியாக விண்டோஸ் போட்ட பிசிக்கல் சர்வர் அது. பக்கத்தில் பிராக்ஸ்மாக்ஸ் போட்ட இன்னொரு சர்வர்; ஒரே இயந்திரத்துக்குள் பல கணினிகளை ஓட்டும் ஹைப்பர்வைசர் மென்பொருள் அது. அதற்குள் நான்கு விர்ச்சுவல் மெஷின்கள்: டொமைன் கன்ட்ரோலர் (யூசர்களையும் லாகினையும் கவனிப்பது), எஸ்.கியூ.எல். சர்வர் என்ற டேட்டாபேஸோடு ஈ.ஆர்.பி. (உற்பத்திக் கணக்கு மென்பொருள்), வருகைப்பதிவு, டிசைன் ஃபைல்களுக்கான ஷேர் (எல்லோரும் பகிரும் ஃபோல்டர்).

பட்டியல் எடுக்கும்போது சர்வர் அறையோடு நின்றுவிடாதீர்கள். நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு தளம் தளமாக நடந்து பாருங்கள். பேட்டர்ன் அறையில் பழைய விண்டோஸ் போட்ட ஒரு கணினி இருக்கும். அதில் கேட் என்ற டிசைன் மென்பொருள், அதன் உரிமத்துக்காகச் செருகும் ஒரு டாங்கிள், பெரிய தாளில் வரையும் பிளாட்டரோடு பேசும் ஒரு பழைய கேபிள். அந்தக் கணினி யாருடைய பட்டியலிலும் இருக்காது. ஆனால் அது நின்றால் மார்க்கர், அதாவது துணியை வெட்டுவதற்கான வரைபடம், போட முடியாது. மார்க்கர் இல்லாமல் கட்டிங் இல்லை. அதையும் எழுதுங்கள். ஃபயர்வால், ஸ்விட்ச் ஆகியவற்றின் செட்டிங்கும் பட்டியலில் சேர வேண்டும். விர்ச்சுவல் மெஷின்களைத் தாங்கும் ஹோஸ்டின் அமைப்பும் அப்படித்தான்: எந்த பிரிட்ஜில் (ஹோஸ்டுக்குள் இருக்கும் விர்ச்சுவல் ஸ்விட்ச்) எந்த வீலான் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவு), ஸ்டோரேஜின் பெயர் என்ன, ஐபி முகவரிகள் என்ன. ஹோஸ்டைப் புதிதாக நிறுவும்போது இந்த விவரம் இல்லாவிட்டால், நல்ல பேக்கப் கையில் இருந்தும் பாதி நாள் போய்விடும்.

முதலாளியிடம் கேட்க வேண்டியவை

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இரண்டு கேள்வி. எவ்வளவு நேரத்து வேலையை இழந்தால் தாங்கலாம்? எவ்வளவு நேரம் இது இல்லாமல் ஓட்டலாம்? முதலாவதை ஆர்.பி.ஓ. என்றும் இரண்டாவதை ஆர்.டி.ஓ. என்றும் எங்கள் தொழிலில் சொல்வோம். ஐடி ஆட்கள் தாங்களாகவே உட்கார்ந்து இதற்கு விடை எழுதக் கூடாது. அந்த வேலையைச் செய்பவரிடம் போய்க் கேட்க வேண்டும்.

கணக்குப் பிரிவில் கேட்டால், பில்கள் ஃபைலில் இருக்கின்றன, ஒரு நாள் பதிவு போனால் மறுநாள் உட்கார்ந்து ஏற்றிவிடலாம் என்பார்கள். அப்படியானால் டேலிக்கு இரவு ஒரு பேக்கப் போதும். ஈ.ஆர்.பி. வேறு கதை. தையல் லைனில் ஒவ்வொரு பண்டிலையும் பார்கோடு வைத்து ஸ்கேன் செய்கிறார்கள். அந்தக் கணக்கு வேறு எங்கும் காகிதத்தில் இல்லை. இரவுப் பேக்கப்பை நம்பினால் மாலை வரை தைத்த பீஸ் ரேட் கணக்கு முழுவதும் போய்விடும். அது தொழிலாளியின் கூலி. எனவே அங்கே ஒரு மணி நேர இழப்புகூட அதிகம். டிசைன் ஃபைல்கள் ஒன்றரை டெராபைட் வரும். அளவு பெரியது, அவசரம் குறைவு. ஆர்டர் தரும் பையரிடமிருந்து மெயிலில் வந்தவற்றை மறுபடி கேட்டு வாங்கலாம். இரண்டு நாள் பொறுக்கலாம் என்று ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரே சொல்லிவிடுவார்.

கிழமையையும் பாருங்கள். திருப்பூரில் சம்பளம் பெரும்பாலும் சனிக்கிழமை. வருகைப்பதிவு செவ்வாய்க்கிழமை நின்றால் சமாளிக்கலாம். வெள்ளி மாலை நின்றால் மறுநாள் வாசலில் ஆட்கள் காத்து நிற்பார்கள். அந்த விர்ச்சுவல் மெஷினுக்கு என் குறிப்பில் இரண்டு ஆர்.டி.ஓ. இருக்கிறது: சாதாரண நாளில் ஒரு நாள், வெள்ளி மதியத்துக்குப் பிறகு நான்கு மணி நேரம்.

அப்புறம் அந்த நேரத்துக்குள் முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இணைய இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட் என்றால், முழு வேகத்தில் ஓடினாலும் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். ஒன்றரை டெராபைட்டை கிளவுடிலிருந்து இறக்க 33 மணி நேரத்துக்கு மேல். அதே அளவை ஜிகாபிட் நெட்வொர்க்கில் இருக்கும் பேக்கப் சர்வரிலிருந்து எடுத்தால் நான்கு மணி நேரத்தை ஒட்டி முடியும். இதனால்தான் கிளவுடில் மட்டும் பேக்கப் வைக்க நான் ஒப்புக்கொள்வதில்லை. கட்டடமே போனால் உதவும் கடைசிப் பிரதி அது. அன்றாட மீட்புக்குப் பக்கத்திலேயே ஒன்று வேண்டும்.

இன்னொன்று, மீட்டதை எங்கே வைத்து ஓட்டுவீர்கள்? புது சர்வர் ஆர்டர் செய்தால் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். மாற்று இயந்திரம் எது என்று பெயர் சொல்லி எழுதாத திட்டம் பாதித் திட்டம்தான்.

பிசிக்கல் சர்வருக்கு

டேலி சர்வர் போன்றவற்றுக்கு முழு இமேஜ் பேக்கப், அதாவது டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரு பிரதி, எடுங்கள்; வீம் ஏஜென்ட் மாதிரி ஒரு மென்பொருள் போதும். ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தால் தரவு பிழைக்கும். ஆனால் விண்டோஸ், யூசர்கள், பெர்மிஷன், பிரிண்டர் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். இமேஜோடு கூடவே டேலிக்கு உள்ளே இருக்கும் பேக்கப் வசதியிலும் ஒரு பிரதி எடுத்து வைப்பேன். ஒரே ஒரு கம்பெனியின் தரவு மட்டும் கெட்டால் அதை எடுத்துப் போடுவது சுலபம்.

இமேஜை வைத்து மீட்க ஒரு பூட் பென்டிரைவ் வேண்டும். அதை இன்றே செய்து, அந்த சர்வரிலேயே போட்டு பூட் செய்து பாருங்கள். பல டிஸ்க்கை ஒன்றாக இயக்கும் ரெய்டு கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க் தெரிகிறதா, நெட்வொர்க் கார்டு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் டிரைவரை அதே பென்டிரைவில் சேர்த்து வையுங்கள். பயாஸில் பூட் ஆகும் முறை யு.இ.எஃப்.ஐ.யா பழைய லெகசியா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எடுத்த இமேஜ் மற்றதில் பூட் ஆகாமல் படுத்தும். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் என்கிரிப்ஷன் போட்டிருந்தால் ரெகவரி கீ காகிதத்தில் இருக்க வேண்டும். டேலி உரிமம் அந்தக் கணினியோடு கட்டப்பட்டது. வேறு கணினியில் மறுபடி ஏற்ற சீரியல் எண்ணும் பதிவு செய்த மின்னஞ்சலும் வேண்டும். வேலையை விட்டுப் போன ஒரு கணக்காளரின் சொந்த மெயிலில் அது பதிவாகி இருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இன்றே மாற்றச் சொல்லுங்கள்.

பிசிக்கல் சர்வர் போனால் அதே மாதிரி இன்னொரு பிசிக்கல் சர்வரைத் தேடி அலைய வேண்டாம். இமேஜை ஒரு விர்ச்சுவல் மெஷினாக எழுப்பிவிடுங்கள். ஹோஸ்டில் அதற்கான ரேமும் டிஸ்க் இடமும் எப்போதும் காலியாக இருக்கும்படி திட்டத்திலேயே ஒதுக்குவேன். ஓர் ஒத்திகையில் இப்படி எழுப்பிப் பார்த்துவிட்டால், பழைய டவர் சர்வரை நிரந்தரமாகவே விர்ச்சுவல் ஆக்கிவிடலாம் என்ற முடிவுக்கும் முதலாளி வந்துவிடுவார். அது நல்ல முடிவுதான்.

பேட்டர்ன் அறைக் கணினிக்கு இதெல்லாம் பொருந்தாது. டாங்கிளும் பிளாட்டர் போர்ட்டும் விர்ச்சுவல் மெஷினுக்குள் ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. அதன் டிஸ்க்கை குளோன்சில்லா மென்பொருளில் குளோன் செய்து, குளோன் செய்த எஸ்.எஸ்.டி.யை உறையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். அந்தக் கணினியில் ஏதாவது மாறும்போது மட்டும் மறுபடி குளோன் எடுத்தால் போதும். மார்க்கர் ஃபைல்கள் மட்டும் தினமும் ஷேருக்குப் போகட்டும். அதே மாடல் பழைய கணினி ஒன்றை வாங்கி ஓரமாக வைப்பது, இந்தத் திட்டத்திலேயே குறைந்த செலவில் நிறையப் பலன் தரும் வேலை.

விர்ச்சுவல் மெஷினுக்கு

ஸ்னாப்ஷாட், அதாவது மெஷினின் ஒரு கணத்து நிலையைக் குறித்து வைப்பது, பேக்கப் ஆகாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு ஏற்படும் மாற்றங்களும் மூல டிஸ்க்கும் ஒரே ஸ்டோரேஜில்தான் இருக்கின்றன. மூல டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் போகும். விர்ச்சுவல் மெஷின் மென்பொருளான விஎம்வேரின் வழிகாட்டுதலே ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்கிறது. அது வளர்ந்து டேட்டாஸ்டோரை (மெஷின்களின் டிஸ்க் இருக்கும் இடத்தை) நிரப்பிவிடும். அப்டேட் போடுவதற்கு முன் எடுங்கள், சரியாகிவிட்டதும் அழித்துவிடுங்கள். ரெய்டும் இப்படித்தான். ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும். யாராவது ஒரு ஃபோல்டரை அழித்தால், எல்லா டிஸ்க்கிலும் சேர்த்து உடனே அழித்துவிடும்.

ஹைப்பர்வைசர் வழியாக எடுக்கும் இமேஜ் பேக்கப் வசதியானது; மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் டேட்டாபேஸுக்கு அது தெரிந்து நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாமல் எடுத்தால், மின்சாரம் சட்டென்று போன நிலையில் டிஸ்க் எப்படி இருக்குமோ அப்படி ஒரு பிரதிதான் கிடைக்கும். பெரும்பாலும் எழுந்துவிடும், சில சமயம் எழாது. பிராக்ஸ்மாக்ஸில் மெஷினுக்கு உள்ளே கியூ.இ.எம்.யு. கெஸ்ட் ஏஜென்ட் என்ற சிறு நிரலை நிறுவி, மெஷினின் ஆப்ஷனிலும் அதை இயக்க வேண்டும். விண்டோஸ் என்றால் வி.எஸ்.எஸ். என்ற வசதி வழியாக எஸ்.கியூ.எல். சர்வர் தன் எழுத்து வேலையை முடித்து ஒரு கணம் நிற்கும். பேக்கப் லாகைத் திறந்து, ஃபைல் சிஸ்டத்தை நிறுத்தி மறுபடி விட்டதற்கான வரி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

எஸ்.கியூ.எல். சர்வருக்கு இரவு இமேஜ் மட்டும் போதாது. டேட்டாபேஸை ஃபுல் ரெகவரி மாடலில் (ஒவ்வொரு மாற்றத்தையும் லாகில் சேர்த்து வைக்கும் முறை) வைத்து, 15 நிமிடத்துக்கு ஒரு தடவை டிரான்சாக்ஷன் லாக் பேக்கப் எடுத்து, அதை வேறு இயந்திரத்தில் போடுங்கள். பண்டில் ஸ்கேன் கணக்கைக் காப்பாற்றுவது இதுதான். ஃபுல் மாடலில் வைத்துவிட்டு லாக் பேக்கப் எடுக்காமல் விட்டால், லாக் ஃபைல் வளர்ந்து டிஸ்க்கையே நிரப்பும். இரண்டு வெவ்வேறு மென்பொருள்கள் லாக் பேக்கப் எடுக்கவும் விடாதீர்கள். அடுத்தடுத்த லாக்குகளின் சங்கிலியில் பாதி ஓரிடத்திலும் பாதி இன்னோரிடத்திலும் சிதறிவிடும். மீட்கும்போது நடுவில் ஒரு கண்ணி இல்லாமல் நிற்பீர்கள்.

இமேஜில் எல்லா டிஸ்க்கும் சேர்கிறதா என்றும் பாருங்கள். பிராக்ஸ்மாக்ஸில் ஒரு டிஸ்க்கின் பேக்கப் டிக்கை எடுத்துவிட்டால் அது சத்தமில்லாமல் விடுபடும். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் பாஸ்-த்ரூ டிஸ்க்கும் (மெஷினுக்கு நேரடியாகக் கொடுத்த டிஸ்க்), உள்ளிருந்தே ஐஸ்கசி முறையில் நெட்வொர்க் வழியாக இணைத்த டிஸ்க்கும் ஹோஸ்ட் பேக்கப்பில் வராது. டிசைன் ஷேர் மாதிரி பெரிய டிஸ்க்கைத்தான் இப்படி வெளியே இணைத்து வைத்திருப்பார்கள் என்பதால் அதை முதலில் சரிபாருங்கள்.

டொமைன் கன்ட்ரோலரைப் பழைய நிலைக்கு இழுப்பதில் தனிக் கவனம் வேண்டும். இரண்டு கன்ட்ரோலர் இருந்து ஒன்று போனால், பேக்கப்பைத் தொடாமல் புதிதாக ஒன்றை நிறுவி மற்றதோடு இணைப்பதே நல்லது. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதன் பேக்கப் புதிதாக இருக்க வேண்டும். அழித்த கணக்குகளின் சுவட்டை அது வைத்திருக்கும் டூம்ஸ்டோன் காலம் வழக்கமாக 180 நாள். அதைத் தாண்டிய பிரதி உதவாது.

எங்கே வைப்பது

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில். பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய இந்த 3-2-1 கணக்கு இன்றும் நன்றாகவே நிற்கிறது. வெளியிடம் என்றால் உண்மையிலேயே வெளியிடம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் ஓ.வி.எச். என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். நம் ஊரில் கீழே துணிக் குடோன், மேலே சர்வர் அறை. பஞ்சுத் தூசியும் துணியும் எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பேக்கப் டிஸ்க்கை சர்வர் அறை மேஜை டிராயரில் வைக்காதீர்கள்.

ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேரை நினைத்து நான்காவது ஒன்றையும் சேர்க்கிறேன்: ஒரு பிரதியாவது, அட்மின் பாஸ்வேர்டு கையில் இருப்பவரால்கூட அழிக்க முடியாததாக இருக்க வேண்டும். உள்ளே வருபவர்கள் முதலில் விண்டோஸ் உள்ளேயே வைத்திருக்கும் பழைய பிரதிகளான ஷேடோ காப்பிகளை அழிப்பார்கள், அடுத்து பேக்கப் சர்வரைத் தேடுவார்கள். எனவே பேக்கப் சர்வரை டொமைனில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனி பாஸ்வேர்டு, தனி வீலான். கிளவுடில் ஆப்ஜெக்ட் லாக் போட்டுக் குறிப்பிட்ட நாள் வரை அழிக்க முடியாமல் செய்யலாம். அதற்குப் பணமில்லை என்றால் இரண்டு யு.எஸ்.பி. டிஸ்க்கை மாற்றி மாற்றி எடுத்துப் போங்கள். கேபிளைப் பிடுங்கி வேறு கட்டடத்துக்குப் போன டிஸ்க்கை எந்த வைரஸும் தொடாது. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யுங்கள். அந்தச் சாவி அதே சர்வரில் மட்டும் இருக்கக் கூடாது.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட கம்பெனிகள் கணக்கு விதிப்படி, கணினியில் வைத்திருக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும். கிளவுட் ரீஜனை மும்பை, ஹைதராபாத் மாதிரி உள்நாட்டில் தேர்ந்தெடுங்கள். கணக்குகளை 8 நிதியாண்டு காக்க வேண்டும், ஜி.எஸ்.டி. ஆவணங்களுக்கு ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். அதற்காக விர்ச்சுவல் மெஷின் இமேஜை எட்டு வருடம் வைக்க வேண்டாம். மார்ச் 31 முடிந்து கணக்கு மூடியதும் டேலி தரவையும், அதைத் திறக்கும் அதே பதிப்பின் இன்ஸ்டாலரையும் சேர்த்துத் தனியாக வையுங்கள். அன்றாடப் பிரதிகளை ஒரு மாதமாவது வைத்திருங்கள். ரான்சம்வேர் வெளியே தெரிவதற்கு வாரங்களுக்கு முன்பே உள்ளே வந்திருக்கலாம் என்பதால் ஏழு நாள் போதாது.

மீட்கும் வரிசை

சர்வர்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. டொமைன் கன்ட்ரோலரில்தான் பெயரை ஐபி முகவரியாக்கும் டி.என்.எஸ்.ஸும், கணினிகளுக்கு ஐபி கொடுக்கும் டி.எச்.சி.பி.யும் இருக்கும். அது எழாமல் ஈ.ஆர்.பி. டேட்டாபேஸைப் பெயர் சொல்லித் தேட முடியாது. எனவே என் தாளில் வரிசை இப்படி: ஃபயர்வாலும் ஸ்விட்ச்சும், ஹோஸ்ட், டொமைன் கன்ட்ரோலர், எஸ்.கியூ.எல்., ஈ.ஆர்.பி., வருகைப்பதிவு, டேலி, கடைசியாக டிசைன் ஷேர். வெள்ளிக்கிழமை என்றால் வருகைப்பதிவு முன்னே வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஐபி, எந்த பேக்கப்பிலிருந்து, கடைசி ஒத்திகையில் எவ்வளவு நேரம் ஆனது, சரியாக வந்துவிட்டது என்று யார் சொல்ல வேண்டும் என்ற நான்கு விவரம்.

இந்தத் தாள் காகிதத்தில் இருக்க வேண்டும். விழுந்துபோன சர்வருக்குள் இருக்கும் வேர்டு ஃபைலை வைத்து யாரையும் மீட்க முடியாது. பாஸ்வேர்டு மேனேஜர் ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஓடினால் அதற்கும் இதே கதி. ஹோஸ்ட், பேக்கப் சர்வர், ஃபயர்வால் ஆகியவற்றின் பாஸ்வேர்டும் என்கிரிப்ஷன் சாவியும் ஒட்டிய உறையில், முதலாளி வீட்டிலோ வங்கி லாக்கரிலோ இருக்கட்டும்.

ரான்சம்வேர் என்றால் உடனே ரெஸ்டோர் செய்யக் கை துடிக்கும். பொறுங்கள். முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். கெட்ட டிஸ்க்கை அப்படியே எடுத்து வையுங்கள். 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்த மின்னஞ்சல் முகவரியும் தாளில் இருக்கட்டும். பிறகு எந்தத் தேதிப் பிரதி சுத்தமானது என்று தனி நெட்வொர்க்கில் எழுப்பிப் பார்த்துவிட்டுத்தான் லைனுக்கு விட வேண்டும்.

ஒத்திகை

பேக்கப் மென்பொருள் காட்டும் பச்சை டிக், ஃபைல் எழுதப்பட்டது என்று மட்டும்தான் சொல்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக ஓடிக்கொண்டிருந்த முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது. அவசரத்துக்கு எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. டேட்டாபேஸை ஃபைலாக டம்ப் எடுக்கும் நிரலின் பதிப்பு டேட்டாபேஸ் பதிப்போடு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்தது. அதைச் சொல்லும் மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு காரணத்துக்காக யாரோ ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. நடந்ததை அவர்கள் ஒளிக்காமல் எழுதியதால் நாம் கற்றுக்கொள்ள முடிகிறது. நான் தோல்வி மெயிலை நம்புவதில்லை. வெற்றி மெயில் தினமும் வர வேண்டும். காலை 9 மணிக்குள் வரவில்லை என்றால் போன் போட்டுக் கேட்பேன்.

மாதம் ஒரு விர்ச்சுவல் மெஷினை எடுத்து, வெளியே எந்த இணைப்பும் இல்லாத தனி பிரிட்ஜில் எழுப்புங்கள். இல்லையென்றால் ஒரே ஐபியில் இரண்டு சர்வர் சண்டை போடும். லாகின் திரை வந்துவிட்டதே என்று நிறுத்தாதீர்கள். ஈ.ஆர்.பி.யைத் திறந்து கடைசி பண்டில் எண்ணைப் பாருங்கள். அதன் நேரம் ஆர்.பி.ஓ.வுக்குள் இருக்கிறதா? டேலி என்றால் கணக்காளரைக் கூப்பிட்டு டிரையல் பேலன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். சரியா என்று அவர்தான் சொல்ல முடியும்.

வருடத்துக்கு ஒரு தடவை முழு ஒத்திகை. அதற்குத் தீபாவளி விடுமுறையை விட்டால் வேறு நேரம் கிடையாது. ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், லைன் நின்றிருக்கும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மாற்று இயந்திரத்தில், முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் எழுப்புங்கள். முடிந்தால் தாளை எழுதியவர் ஒதுங்கி நிற்க, உதவியாளர் செய்யட்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே தாளில் ஏதோ விடுபட்டிருக்கிறது. அதை அப்போதே எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஒரு செட்டிங். பேக்கப் ஜாபில் மெஷின்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து வைத்தால், அடுத்த மாதம் புதிதாக உருவாக்கும் மெஷின் அதில் இருக்காது. யாருக்கும் நினைவும் வராது. பிராக்ஸ்மாக்ஸில் "எல்லாம்" என்றோ, "இவை தவிர" என்றோ தேர்ந்தெடுத்துவிடுங்கள். புதிதாக வருவது தானாகச் சேரும்.